மறு: குழந்தைகளின் மூட்டு நோய்க்கு எந்தச் சொல்?

அன்புள்ள நண்பர்களுக்கு,

குழந்தைகளின் மூட்டுகள் வீங்கி விறைக்கும் 'ஜுவனைல் இடியோபதிக் ஆர்த்ரைட்டிஸ்' நோய்க்குத் தமிழ்க் கலைச்சொல்லாக 'இளம்பிள்ளை மூட்டுவாதம்' என்று ஒரு முன்மொழிவு வந்திருக்கிறது. ஓசை நன்றாகத்தான் இருக்கிறது, ஆனாலும் வேண்டவே வேண்டாம். தமிழ்நாட்டில் 'இளம்பிள்ளை வாதம்' என்றால் போலியோ; சொட்டு மருந்து முகாம் சுவரொட்டிகளில் ஊரே படித்த சொல். இந்தியா போலியோ இல்லாத நாடு என்று 2014இல் சான்று பெற்ற பிறகும் அந்தப் பெயரின் அச்சம் போகவில்லை. முழங்கால் வீங்கிய பிள்ளையின் தாயிடம் இந்தப் பெயரைச் சொன்னால், "சொட்டு மருந்து தவறாமல் போட்டோமே டாக்டர்" என்றுதான் பதறுவார்.

'வாதம்' என்ற சொல்லே இங்கே சிக்கல். பக்கவாதம், முகவாதம், கீல்வாதம் என நரம்பும் மூட்டும் அதில் ஒன்றாகக் கிடக்கின்றன. வளி, அழல், ஐயம் என்று பார்க்கும் சித்த மருத்துவத்தில் அதற்கு ஒழுங்கான பொருள் உண்டு. இன்றைய பரிசோதனை அறிக்கையில் இல்லை. 'சிறார் முடக்குவாதம்' என்பதும் ஆகாது. முடக்குவாதம் என்பது 'ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்'; அமெரிக்க மருத்துவர்கள் முன்பு இந்தக் குழந்தைகளின் நோயையும் 'ருமட்டாய்டு' என்றே எழுதி வந்தார்கள். பெரியவர்களின் முடக்குவாதத்தில் பெரும்பாலும் ரத்தத்தில் காணப்படும் 'ருமட்டாய்டு காரணி' என்ற புரதம், இந்தக் குழந்தைகளில் ஏறக்குறைய இருபதில் ஒருவருக்குத்தான் இருக்கிறது. 1990களில் பன்னாட்டு வகைப்பாடு வந்தபோது அந்தப் பெயரைக் கைவிட்டார்கள். அவர்கள் விட்டதை நாம் ஏன் எடுத்துச் சுமக்க வேண்டும்?

'ஆர்த்ரைட்டிஸ்' என்பதற்கு 'மூட்டழற்சி' போதும். 'மூட்டுவலி' என்றால் தவறாகிவிடும், ஏனென்றால் சின்னக் குழந்தைகள் பலர் வலிக்கிறது என்று சொல்வதே இல்லை. காலையில் கட்டிலிலிருந்து இறங்கியதும் ஒரு காலை மடக்காமல் இழுத்து நடக்கும், தூக்கச் சொல்லி அழும்; பத்து மணிக்கெல்லாம் தெருவில் ஓடும். மாலையில் மருத்துவரிடம் போனால் அங்கே நிற்பது நல்ல பிள்ளை! வளரும் பிள்ளைகளுக்குச் சாதாரணமாக வரும் 'வளர்ச்சி வலி' இதற்கு நேர்மாறு: இரவில் இரு கால்களும் வலிக்கும், காலையில் ஒன்றும் இருக்காது. அதனால் காலைநேர விறைப்பைப் பற்றிக் கேட்காவிட்டால் இந்த நோய் கண்ணில் படாமல் போகலாம்.

'இடியோபதிக்' என்பதற்கு 'நோய்முதல் அறியா' என்பது என் முன்மொழிவு. 'நோய்நாடி நோய்முதல் நாடி' என்று வள்ளுவர் சொல்லைக் கொடுத்துவிட்டார். 'டாக்டருக்கே தெரியவில்லை போலிருக்கிறது' என்று பெற்றோர் நினைப்பார்கள் என ஒரு நண்பர் எழுதியிருந்தார். ஆனால் அந்த 'அறியா' நோயின் வரையறையிலேயே இருக்கிறது: 16 வயதுக்குள் தொடங்க வேண்டும், 6 வாரமாவது நீடிக்க வேண்டும், வேறு காரணம் இல்லை என்று உறுதியாக வேண்டும். சீழ் பிடித்த மூட்டா, காசநோயா, தொண்டைப் புண்ணுக்குப் பின் வந்த ருமாட்டிக் காய்ச்சலா, எல்லாவற்றுக்கும் மேலாக ரத்தப் புற்றுநோயா என்று ஒவ்வொன்றாக விலக்கிய பிறகே இந்தப் பெயர். வீக்கம் கொஞ்சமாகவும் வலி மிகுதியாகவும் இருந்து, குழந்தை இரவில் விழித்து அழுதால் ரத்த அணுக்களை எண்ணிப் பார்க்க வேண்டும். ஐயம் தீராவிட்டால் எலும்பு மஜ்ஜையையும் பார்க்க வேண்டும். அவசரப்பட்டு ஸ்டீராய்டு கொடுத்தால் புற்றுநோய் சில வாரங்களுக்கு மறைந்து நிற்கும். உறுதிப்படுத்தும் ஒற்றை ரத்தப் பரிசோதனை எதுவும் கிடையாது. உடலின் சொந்த அணுக்கருவைக் குறிவைக்கும் 'ஏஎன்ஏ' என்ற புரதம் ரத்தத்தில் இருப்பது நோயை உறுதி செய்யாது, கண்ணுக்குள் அழற்சி வரும் ஆபத்து கூடுதல் என்பதையே காட்டும். அந்தக் கண் அழற்சியில் பெரும்பாலும் கண் சிவக்காது, வலிக்காது. கண் மருத்துவரின் 'ஸ்லிட் லேம்ப்' என்ற உருப்பெருக்கிக் கருவியில் பார்த்தால்தான் தெரியும்.

நோயெதிர்ப்பு தன் உடலையே தாக்குவதைக் குறிக்கும் 'ஆட்டோ இம்யூன்' என்பதற்குத் 'தன்னெதிர்ப்பு' என் தேர்வு. நோய்க்கிருமி போன்ற பிறபொருளை எதிர்க்கும் 'ஆன்டிபாடி'யைப் 'பிறபொருளெதிரி' என்று எழுதும் நண்பர்கள், தன் உடலையே எதிர்க்கும் 'ஆட்டோ ஆன்டிபாடி'யை என்ன செய்வார்கள்? 'தன் பிறபொருளெதிரி' என்றால் பாவம், அது யாரை எதிர்க்கும்? 'ஆன்டிபாடி'யை 'எதிர்ப்பொருள்' என்று வைத்துக்கொண்டால் 'தன்னெதிர்ப்பொருள்' தானாக அமைந்துவிடும். ஆனால் எல்லாக் குழந்தைகளையும் இந்தக் கூரைக்குள் அடைக்க முடியாது. 1897இல் லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் விவரித்த வகையில் நாள்தோறும் காய்ச்சல் ஏறி இறங்கும், கூடவே இளஞ்சிவப்புத் தடிப்புத் தோன்றி மறையும். அதில் தன்னெதிர்ப்பொருள் பொதுவாகக் காணப்படாது. பிறப்பிலேயே உடலில் அமைந்த முதல்நிலை நோயெதிர்ப்பே கட்டுமீறுகிறது. அதற்குத் 'தன்னழற்சி' என்று தனிச்சொல் வேண்டும்.

இனி 'ஜுவனைல்'. 'சிறுவர்' என்ற இலங்கை வழக்கு அங்கே இருபாலருக்கும் பொருந்துகிறது. தமிழ்நாட்டிலோ கேட்டதும் ஆண்பிள்ளைகளே நினைவுக்கு வருவார்கள். இந்நோயில் அதிகம் காணப்படும் வகை பெண்குழந்தைகளுக்கே மிகுதி. ஆகவே 'சிறார்'. முழுப்பெயர் 'சிறார் நோய்முதலறியா மூட்டழற்சி', வழக்கில் 'சிறார் மூட்டழற்சி'.

இனி உள்வகைகள். நோயின் முதல் 6 மாதத்தில் பாதிக்கப்பட்டவை நான்கு மூட்டு வரை என்றால் 'சில்மூட்டு', ஐந்தும் அதற்கு மேலும் என்றால் 'பன்மூட்டு'. தசைநாண் எலும்பில் பற்றும் இடத்தில் வரும் அழற்சிக்குத்தான் சொல் அமையவில்லை. 'நாண்முனை அழற்சி' எனக்கே நிறைவு தரவில்லை. குதிகால் பின்புறத்தைத் தொட்டதும் பிள்ளை காலை இழுத்துக்கொள்ளும் இடம் அது. நல்ல சொல் யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள்.