மலேசியாவில் அடிபட்டால்: முதல் வாரத்திலேயே கவனிக்க வேண்டியவை

கோலாலம்பூருக்கும் பினாங்குக்கும் புதிதாக வந்தவர்கள் வீட்டு வாடகை, சிம் கார்டு, ஊருக்குப் பணம் அனுப்புவது என்று எல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்கிறார்கள். அடிபட்டால் என்ன செய்வது என்று யாரும் முன்கூட்டிக் கேட்பதில்லை. கேட்கும்போது காலில் மாவுக்கட்டு இருக்கும், ஏதோ ஒரு பேப்பரில் கையெழுத்தும் போட்டிருப்பார்கள். நஷ்டஈடு கோர்ட்டில் தீர்மானமாகிறது என்று நினைக்க வேண்டாம். முக்கால்வாசி முதல் வாரத்தில் உருவாகும் காகிதங்களிலேயே முடிவாகிவிடுகிறது. அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

முதலில் போலீஸ் ரிப்போர்ட். சாலை விபத்து என்றால் 24 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும், 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள் என்றால், கூட இருப்பவர் பாலாயில் (போலீஸ் நிலையத்துக்கு இங்கே அதுதான் பேர்) தகவல் சொல்லி வைக்கட்டும். வெளியே வந்ததும் நீங்கள் நேரில் போய் ரிப்போர்ட் கொடுங்கள், ஏன் தாமதம் என்பதையும் அதிலேயே எழுதச் சொல்லுங்கள்.

கவுண்டரில் என்ன நடக்கும் தெரியுமா? நீங்கள் சொல்லச் சொல்ல ஒரு போலீஸ்காரர் மலாயில் டைப் செய்வார். பின்னால் வரிசை நிற்கும், உங்களுக்கும் வலி, எப்படா முடியும் என்றிருக்கும். பிரிண்ட் வந்ததும் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பத்தான் தோன்றும். கிளம்பாதீர்கள். மலாய் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய், வரிவரியாகப் படித்துச் சொல்லச் சொல்லுங்கள். எந்தச் சாலை, எந்தப் பக்கமாகப் போனீர்கள், எத்தனை மணி, எதிர் வண்டியின் நம்பர் என்ன, சிக்னல் யாருக்குப் பச்சை, லேன் மாறியது யார், எல்லாம் சரியாக இருக்க வேண்டும். முக்கியமாக, நீங்கள் போய் இடித்தீர்கள் என்று இருக்கிறதா, உங்களை இடித்தார்கள் என்று இருக்கிறதா என்று பாருங்கள். இந்த ஒரு வரியில் கேஸே கவிழும். காயத்தையும் "கால் வலி" என்று விட்டுவிடாமல், வலது முழங்கால், இடது தோள்பட்டை, தலையில் அடி என்று ஒவ்வொன்றாகப் பதிவு செய்யுங்கள். மாற்ற வேண்டியது இருந்தால் கையெழுத்துக்கு முன் மாற்றச் சொல்வது உங்கள் உரிமை. இரண்டு நாள் கழித்துக் கழுத்து வலி ஆரம்பித்தால், டாக்டரைப் பார்த்துவிட்டு, கூடுதல் ரிப்போர்ட் ஒன்று கொடுங்கள்.

விசாரணை அதிகாரியின் பேரும் ரிப்போர்ட் நம்பரும் போனில் இருக்கட்டும். பின்னால் சம்பவ இடத்தின் வரைபடம், படங்கள், விசாரணை முடிவு எல்லாம் அந்த நம்பரை வைத்துத்தான் வாங்க வேண்டும். போலீஸ் உங்கள் பேரில் சம்மன் (அபராதச் சீட்டு) எழுதினால், கட்டித் தொலைத்துவிடலாம் என்று நினைக்காமல், ஒரு வக்கீலிடம் காட்டிவிட்டு முடிவு செய்யுங்கள்.

அடுத்தது வேலை. நம்மவர்கள் நிறையப் பேர் கோட்டை விடுவது இங்கேதான்.

2019 ஜனவரி 1 முதல், முறையான பெர்மிட்டோடு வேலை செய்யும் வெளிநாட்டவர்கள் பெர்க்கேசோ என்ற அரசு சமூகப் பாதுகாப்பு அமைப்பின் வேலை விபத்துத் திட்டத்துக்குள் வருகிறார்கள். பழைய ஆட்கள் சொக்சோ என்பார்கள், இரண்டும் ஒன்றுதான். வீட்டு வேலை செய்பவர்கள் 2021 ஜூன் முதல் சேர்க்கப்பட்டார்கள். ஃபேக்டரிக்குள் மெஷினில் கை மாட்டினால் மட்டுமல்ல, வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியிலும், திரும்பும் வழியிலும், அனுமதித்த சாப்பாட்டு இடைவேளையிலும் அடிபட்டால் அதுவும் வேலை விபத்துதான். விபத்து நடந்த 48 மணி நேரத்துக்குள் முதலாளி பெர்க்கேசோவுக்குத் தெரிவிக்க வேண்டும். விபத்து நாளையும் சேர்த்துக் குறைந்தது 4 நாள் எம்.சி. (டாக்டர் எழுதித் தரும் மருத்துவ விடுப்பு) இருந்தால், தற்காலிக ஊனத்துக்கான தொகை கிடைக்கும். தினச் சம்பளக் கணக்கில் 80 சதவீதம். நிரந்தரப் பாதிப்பு இருந்தால் மருத்துவக் குழு பார்த்துச் சதவீதம் போடும். அதற்கு விண்ணப்பிக்கவும் காலவரம்பு உண்டு, எம்.சி. முடிந்ததும் தள்ளிப்போடாமல் கொடுத்துவிடுங்கள்.

பினாங்கில் பிறை பக்கம் ஒரு ஃபேக்டரியில் வேலை செய்யும் தம்பி ஒருவருக்கு ஷிப்டுக்குப் போகும்போது மோட்டார் சைக்கிளில் அடிபட்டது. கணுக்கால் எலும்பு முறிவு. சூப்பர்வைசர் ஆஸ்பத்திரிக்கே வந்து, "லீவு நாளில் கடைக்குப் போகும்போது விழுந்தேன்னு சொல்லிடுப்பா, கம்பெனி செலவைப் பார்த்துக்கும்" என்றார். நல்லவேளை, தம்பி தலையாட்டவில்லை. ரோஸ்டரைப் போனில் படமெடுத்து வைத்திருந்தார், பஞ்ச் கார்டு பதிவும் இருந்தது. கம்பெனி அனுப்ப மறுத்த விண்ணப்பத்தோடு நாங்களே பெர்க்கேசோ கிளைக்குப் போனோம். முதலாளி ஒத்துழைக்காவிட்டாலும் தொழிலாளி நேரில் போய்ச் சொல்லலாம். அங்கே இருந்த அம்மா தமிழிலேயே பேசி வாங்கிக்கொண்டார். விபத்தை வேறு மாதிரி சொல்லச் சொன்னால் யாருக்காகவும் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஆஸ்பத்திரிப் பதிவில் ஒரு கதை, பெர்க்கேசோவில் ஒரு கதை என்று ஆனால் அப்புறம் எதையும் சரிசெய்ய முடியாது.

ஒருவர் என்னிடம் கேட்டிருந்தார்: பெர்க்கேசோ பணம் வாங்கினால் இடித்த லாரிக்காரர் மேல் வழக்குப் போட முடியாதா? போடலாம். பெர்க்கேசோ திட்டத்துக்குள் இருக்கும் தொழிலாளி, வேலை விபத்துக்காக முதலாளி மேல் தனியாக நஷ்டஈட்டு வழக்குப் போட 1969ஆம் ஆண்டுச் சட்டம் பொதுவாக இடம் தருவதில்லை. வெளியாள் வண்டி இடித்தது வேறு விஷயம். அந்த வண்டியின் இன்சூரன்ஸ் கம்பெனியிடமிருந்து கேட்பது தனி உரிமை. வண்டிக்கு இன்சூரன்ஸே இல்லை என்று தெரிந்தாலும் கைவிட வேண்டாம், அப்படிப்பட்ட கேஸ்களுக்காகவே மோட்டார் இன்சூரர்ஸ் பீரோ இருக்கிறது. வாகன விபத்து என்றால் தொகை எவ்வளவு பெரிதானாலும் செஷன்ஸ் நீதிமன்றமே விசாரிக்கும்.

இப்போது ஏஜெண்டுகள். விபத்து நடந்த இடத்துக்கு இழுவை வண்டி உங்கள் வீட்டாருக்கு முன்னால் வந்துவிடும். வார்டுக்குள் பழம் வாங்கிக்கொண்டு ஒருவர் வருவார். தமிழில் பேசுவார், எந்த ஊர் என்று கேட்பார், "வக்கீல் நம்ம ஆள்தான், ஜெயித்தால் மட்டும் இத்தனை சதவீதம்" என்று ஃபாரத்தை நீட்டுவார். வலியிலும் பயத்திலும் இருப்பவரிடம் இப்படிக் கையெழுத்து வாங்குவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. மலேசியாவில் ஜெயித்தால் மட்டும் ஃபீஸ், கிடைப்பதில் இத்தனை பங்கு என்று வக்கீல்கள் ஒப்பந்தம் போடக் கூடாது. 1976ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழில் சட்டம் அதைத் தடுக்கிறது. வக்கீலை நீங்களே தேடிப் போங்கள். மலேசிய வழக்கறிஞர் மன்றத்தின் இணையதளத்தில் பேரைப் போட்டால் அவர் உண்மையில் தொழில் செய்கிறாரா என்று தெரியும். ஃபீஸ் எவ்வளவு, மருத்துவ ரிப்போர்ட் செலவு யாருடையது என்று எழுத்தில் கேளுங்கள். வசதி இல்லாதவர்கள் மன்றத்தின் சட்ட உதவி மையங்களில் விசாரிக்கலாம், கோலாலம்பூரிலும் பினாங்கிலும் உண்டு. முதலாளியோடு பிரச்சினை என்றால் தெனாகானித்தா போன்ற அமைப்பு பல வருஷமாக வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்காக நிற்கிறது.

இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து நேராகப் பேசுபவர்களிடமும் இதே நிதானம் வேண்டும். முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன், இனி கோரிக்கை இல்லை என்ற பேப்பரில் கையெழுத்துப் போட்டால் அதோடு முடிந்தது. சிகிச்சை முடியாமல், எலும்பு கூடியதா என்று டாக்டர் சொல்லாமல், போடாதீர்கள்.

கோர்ட் எப்படிக் கணக்குப் போடும் என்பது தெரிந்தால் எதைச் சேர்த்து வைக்க வேண்டும் என்பதும் தெரியும். கையிலிருந்து செலவான பணத்துக்கு ரசீது வேண்டும். மருந்து, பிசியோ, கிராப் வண்டிக் கட்டணம், ஊன்றுகோல், எல்லாவற்றுக்கும். வெளிநாட்டவருக்கு அரசு ஆஸ்பத்திரியிலும் கட்டணம் அதிகம், அந்த பில்களைத் தூக்கிப் போடாதீர்கள். வலிக்கும் பாதிப்புக்கும் தனித் தொகை. எந்தக் காயத்துக்கு எவ்வளவு என்று வழக்கறிஞர்களும் நீதிபதிகளும் பார்க்கும் தொகுப்பு ஒன்று உண்டு, 2018இல் திருத்தியது.

எதிர்கால வருமான இழப்புக்குச் சட்டத்திலேயே சூத்திரம் இருக்கிறது. வருஷ வருமான இழப்பை ஒரு எண்ணால் பெருக்குவார்கள். 30 வயதும் அதற்குக் கீழும் என்றால் அந்தப் பெருக்கல் எண் 16. 31 முதல் 59 வரை, 60இலிருந்து வயதைக் கழித்து இரண்டால் வகுக்க வேண்டும். 40 வயதுக்காரருக்கு 10 வரும். ஆனால் விபத்துக்கு முன் சம்பாதித்துக்கொண்டிருந்தீர்கள் என்று காட்ட வேண்டும். கையில் ரொக்கமாகச் சம்பளம் வாங்குபவர்கள் இப்போதே சம்பளச் சீட்டு கேளுங்கள், அல்லது பேங்கில் போடச் சொல்லுங்கள். பெர்மிட்டுக்கு வெளியே ராத்திரி உணவகத்தில் செய்யும் வேலையை நம்பி இருக்க வேண்டாம். சட்டத்துக்குப் புறம்பான வருமானத்தை நீதிமன்றம் கணக்கில் எடுக்காது.

காலக்கெடு: தீபகற்ப மலேசியாவில் காயத்துக்கான வழக்குக்குப் பொதுவாக 6 வருஷம். இடித்தது அரசாங்க வண்டி, அல்லது பள்ளத்தை மூடாமல் விட்டது நகராண்மைக் கழகம் என்றால் 36 மாதம்தான். இறப்பு என்றால் குடும்பத்தார் 3 வருஷத்துக்குள் போட வேண்டும். மனைவி, பிள்ளைகள், பெற்றோர் தங்களைத் தாங்கியவரை இழந்ததற்குக் கேட்கலாம். துயர இழப்பீடு என்று தனியாக 30,000 ரிங்கிட் சட்டத்தில் இருக்கிறது, 2019க்கு முன் அது 10,000.

இந்தியாவிலிருந்து இ.சி.ஆர். பாஸ்போர்ட்டில் (வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பும் முன் அரசின் குடியேற்ற அனுமதி தேவைப்படும் பாஸ்போர்ட்) வேலைக்கு வந்தவர்களுக்கு இன்னொன்று. கிளம்பும் முன், வேலைக்கு அனுப்பிய ஏஜெண்ட் உங்கள் பேரில் பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்ற இன்சூரன்ஸ் எடுத்திருப்பார். விபத்தில் இறப்புக்கும் நிரந்தர ஊனத்துக்கும் 10 லட்சம் ரூபாய். பாலிசி நகல் யாரிடம் இருக்கிறது என்று இன்றைக்கே வீட்டில் கேட்டு, போனில் ஒரு படம் வைத்துக்கொள்ளுங்கள்.

பெர்மிட் முடிந்து கேஸ் நடுவில் ஊருக்குத் திரும்புபவர்கள் போகும் முன் வக்கீலிடம் இந்திய முகவரி, வாட்ஸ்அப் நம்பர், பேங்க் விவரம் கொடுங்கள். சாட்சி சொல்ல எப்போது வர வேண்டியிருக்கும் என்று கேளுங்கள். ஆஸ்பத்திரிக் கோப்பு எண், எக்ஸ்ரே, போலீஸ் ரிப்போர்ட், எம்.சி. எல்லாவற்றின் நகலும் உங்கள் கையில் ஒரு கட்டு, ஊரில் வீட்டில் ஒரு கட்டு. பாஸ்போர்ட்டை முதலாளி பிடித்து வைத்திருந்தால் தயங்காமல் கேட்டு வாங்குங்கள். அடுத்தவர் பாஸ்போர்ட்டை வைத்திருப்பது இங்கே குற்றம்.