இசட்ஓடிபி (ZODB, பைத்தான் ஆப்ஜெக்டுகளை அப்படியே சேமிக்கும் டேட்டாபேஸ்) பழகியவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம் நண்பர்களே. பம்ப் உதிரிபாகங்களைக் கணக்கு வைக்க பைத்தானில் ஒரு மென்பொருள் எழுதுகிறேன். பம்புக்குள் மோட்டார், மோட்டாருக்குள் ரோட்டார், அதில் பேரிங் என்று உள்ளே உள்ளே போய்க்கொண்டே இருக்கும். போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸில் டேபிள்களை இணைக்க ஜாயின் மேல் ஜாயின் போட்டு அலுத்து, இசட்ஓடிபிக்கு மாறினேன். பெர்சிஸ்டென்ட் கிளாஸிலிருந்து இன்ஹெரிட் செய்து கமிட் (சேமிக்கும் கட்டளை) கொடுத்தால் போதும், ஆப்ஜெக்டை டேபிளாக மாற்றும் மேப்பிங் கோடே கிடையாது. பம்ப், மோட்டார், ரோட்டார் என்று புள்ளி வைத்தே உள்ளே போய்விடலாம். சுகமாகத்தான் இருக்கிறது.

ஆனால் ஒருநாள், சாதாரண லிஸ்டில் ஒரு பேரிங்கைச் சேர்த்து கமிட் செய்தேன். எரர் எதுவும் இல்லை. புரோகிராமை மூடித் திறந்தால் பேரிங்கைக் காணோம்! சாதாரண லிஸ்டுக்குள் நடந்த மாற்றம் இசட்ஓடிபிக்குத் தெரியாதாம். அதற்குப் பதில், மாற்றத்தைத் தானே தெரிவிக்கும் பெர்சிஸ்டென்ட்லிஸ்ட் போட்டதும் சரியானது. அரை நாள் போச்சு.

இப்போது ஸ்டோர்காரர், "ஸ்டாக் பத்துக்குக் கீழே இருக்கிற பேரிங் எதெல்லாம்?" என்று கேட்கிறார். இதில் எஸ்க்யூஎல் (டேட்டாபேஸில் தேடும் மொழி) இல்லாததால் எல்லா ஆப்ஜெக்டையும் சுற்றி வருகிறேன். இதற்கு பிட்ரீ இண்டெக்ஸை (வேகமாகத் தேட வரிசையாக வைக்கும் பட்டியலை) நானே பராமரிப்பதுதான் வழியா? அப்புறம், கிளாஸில் புது அட்ரிபியூட் சேர்த்தால், ஏற்கெனவே சேமித்த ஆப்ஜெக்டுகளை எப்படிச் சமாளிக்கிறீர்கள்? டீஃபால்ட் மதிப்பை கிளாஸிலேயே வைத்தால் போதுமா, இல்லை எல்லாவற்றையும் ஒருமுறை திருத்தி எழுத வேண்டுமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.