கடலடிக்குப் பட்டா கிடையாது

முரளி சித்தப்பா: [முன்னனுப்பிய செய்தி] பசிபிக் கடலின் அடியில் கொட்டிக் கிடக்கும் நிக்கல், கோபால்ட் உருண்டைகள்!! எந்த நாட்டுக்கும் சொந்தமில்லை. யார் முதலில் அள்ளுகிறார்களோ அவர்களுக்கே!!

அரவிந்த்: கயல், இது நிஜமா? கடல் சட்டம் நீதானே படிக்கிறாய்.

கயல்: உருண்டைகள் நிஜம். ஹவாய்க்கும் மெக்சிகோவுக்கும் நடுவில் கிளாரியன் கிளிப்பர்டன் என்று ஒரு பகுதி. 4000 முதல் 6000 மீட்டர் ஆழம். மாங்கனீசு, தாமிரம்கூட இருக்கிறது. கடைசி வரிதான் தப்பு.

முரளி சித்தப்பா: ஏன் தப்பு? யாருக்கும் பட்டா இல்லை என்றால் புறம்போக்குதானே. முதலில் வேலி போட்டவன் அனுபவிப்பான்.

கயல்: அப்படி ஆகிவிடக் கூடாது என்றுதான் சட்டமே வந்தது சித்தப்பா. 1967-இல் மால்டாவின் தூதர் அர்விட் பார்டோ ஐ.நா.வில் இதை எழுப்பினார். தொழில்நுட்பம் உள்ள நாலு நாடுகள் கடலடியைப் பங்கு போட்டுக்கொள்ளும் என்பது அவர் பயம். 1982-இல் வந்த ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கை, பிரிவு 136-இல் நாடுகளின் எல்லைக்கு அப்பால் உள்ள கடலடியும் அதன் கனிமங்களும் மனிதகுலத்தின் பொதுச் சொத்து என்கிறது. எந்த நாடும் உரிமை கொண்டாட முடியாது.

வசந்தா அத்தை: நடுக்கடலில் எல்லா நாட்டுக் கப்பலும் மீன் பிடிக்கிறதே, அது மட்டும் எப்படி?

கயல்: மேலே தண்ணீருக்கு ஒரு சட்டம், அடியில் தரைக்கு வேறு சட்டம் அத்தை. கரையிலிருந்து 200 கடல் மைல் வரை அந்தந்த நாட்டின் பொருளாதார மண்டலம். அதைத் தாண்டினால் தண்ணீரில் எல்லாருக்கும் சுதந்திரம் உண்டு. தரையில் அந்தச் சுதந்திரம் இல்லை, அனுமதி வாங்க வேண்டும். (சில நாடுகளின் கண்டத்திட்டு, அதாவது கரையிலிருந்து கடலுக்கடியில் தொடரும் நிலம், 200-ஐத் தாண்டியும் நீளும். அதை ஆரம்பித்தால் விடிந்துவிடும்.)

அரவிந்த்: அனுமதி யார் கொடுப்பார்கள்?

கயல்: சர்வதேச கடலடி ஆணையம். ஜமைக்காவின் கிங்ஸ்டனில் இருக்கிறது. இதுவரை கொடுத்தவை எல்லாம் ஆய்வு ஒப்பந்தங்கள் மட்டுமே. இந்தியா, சீனா, ரஷ்யா எல்லாரிடமும் ஆய்வு ஒப்பந்தம் இருக்கிறது. வெட்டி எடுத்து விற்கும் உரிமம் இன்னும் ஒருவருக்கும் கிடையாது, அதற்கான விதிகளையே எழுதி முடிக்கவில்லை.

அரவிந்த்: தனியார் நிறுவனம் நேரே போய் விண்ணப்பிக்கலாமா?

கயல்: முடியாது. ஏதாவது ஓர் உறுப்பு நாடு ஆதரவு தர வேண்டும். எனக்கு உறுத்துவதே இந்த இடம்தான். பணக்கார நாடு ஒன்று இடம் கேட்டால் சம மதிப்புள்ள இரண்டு பகுதிகளைக் காட்ட வேண்டும். ஆணையம் ஒன்றைக் கொடுக்கும், மற்றதை வளரும் நாடுகளுக்காக ஒதுக்கி வைக்கும். அப்படி ஒதுக்கிய இடங்களில் இப்போது யார் உள்ளே இருக்கிறார்கள் தெரியுமா? தி மெட்டல்ஸ் கம்பெனி என்ற கனடா நிறுவனத்தின் துணை நிறுவனங்கள். ஆதரவு தந்தவை பசிபிக் தீவு நாடுகளான நவ்ருவும் டோங்காவும்.

வசந்தா அத்தை: நவ்ரு எவ்வளவு பெரிய நாடு?

கயல்: 21 சதுர கிலோமீட்டர்.

வசந்தா அத்தை: 🙄

கயல்: 2021-இல் அதே நவ்ரு, இரண்டு வருடத்துக்குள் விதிகளை முடியுங்கள் என்று ஒரு ஷரத்தைக் காட்டிக் கெடு வைத்தது. 2023 ஜூலையில் கெடு தீர்ந்தது. விதிகள் தீரவில்லை.

முரளி சித்தப்பா: ஏதாவது விபத்து நடந்தால் அந்தச் சின்ன நாடா நஷ்டஈடு கட்டும்?

கயல்: 2011-இல் சர்வதேச கடல் சட்டத் தீர்ப்பாயத்திடம் இதைக் கேட்டார்கள். சட்டம் இயற்றி ஒழுங்காகக் கண்காணித்திருந்தால் ஆதரவு தந்த நாடு பொறுப்பாகாது என்று கருத்துச் சொன்னது. நிறுவனத்திடம் பணம் இல்லை, நாட்டின் மீது தவறில்லை என்றால் சேதத்துக்கு ஆளே இல்லாமல் போகலாம். அந்த ஓட்டையைத் தீர்ப்பாயமே ஒப்புக்கொண்டது.

முரளி சித்தப்பா: சரி, அமெரிக்கா இந்த உடன்படிக்கையில் சேரவே இல்லையே. சேராதவனை எது தடுக்கும்?

கயல்: சரியான இடத்தில் பிடித்தீர்கள். 1994-இல் பணக்கார நாடுகளுக்குத் தோதாக, உடன்படிக்கையில் சுரங்கம் பற்றிய பகுதியைத் திருத்தினார்கள். அமெரிக்கா அந்தத் திருத்தத்தில் கையெழுத்துக்கூடப் போட்டது, செனட் ஒப்புதல் மட்டும் வரவில்லை. கடலடியில் தோண்ட அமெரிக்க அரசே உரிமம் தரலாம் என்று அங்கே 1980-இலேயே உள்நாட்டுச் சட்டம் ஒன்று வந்துவிட்டது. 2025 ஏப்ரலில் அந்த உரிமங்களை விரைவாகக் கொடுக்கச் சொல்லி டிரம்ப் ஆணை போட்டதும், நான் சொன்ன அதே நிறுவனத்தின் அமெரிக்கக் கிளை அந்தச் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்துவிட்டது.

அரவிந்த்: ஆக, வழி கிடைத்துவிட்டது.

கயல்: பாதி வழி. பிரிவு 137-இன்படி, உடன்படிக்கைக்கு வெளியே யாராவது கனிமம் எடுத்தால் உறுப்பு நாடுகள் அந்த உரிமையை அங்கீகரிக்கக் கூடாது. எடுப்பதற்குக் கப்பல் வேண்டும், உருக்க ஆலை வேண்டும், வாங்க ஆள் வேண்டும். அந்த நிறுவனத்தின் கூட்டாளியான கப்பல் கம்பெனி சுவிட்சர்லாந்தில் இருக்கிறது, சுவிட்சர்லாந்து உறுப்பு நாடு. கடலடித் தோண்டல் கடல் சுதந்திரத்தில் ஒன்று என்பது அமெரிக்காவின் வாதம். எனக்கு அது பலவீனமாகத்தான் தெரிகிறது. ஆனால் 5000 மீட்டர் ஆழத்தில் போய்த் தடுக்கப் போலீஸ் கிடையாது, அதுவும் உண்மை.

வசந்தா அத்தை: அங்கே உயிர்கள் இருக்குமே கயல்?

கயல்: நிறைய, அதில் பாதிக்குமேல் பெயரே வைக்காதவை. ஓர் உருண்டை சில மில்லிமீட்டர் வளரப் பத்து லட்சம் வருடம் ஆகும், பல உயிர்கள் அதன் மேலேயே ஒட்டி வாழ்கின்றன. 1989-இல் பெரு நாட்டுக்கு அப்பால் கடலடியைக் கலப்பையால் உழுது பார்த்தார்கள். 26 வருடம் கழித்துப் போனபோதும் அந்தத் தடம் அப்படியே இருந்தது. இப்போது 35-க்கும் மேற்பட்ட நாடுகள் தற்காலிகமாகவாவது நிறுத்தச் சொல்கின்றன. பிரான்சு முழுத் தடையே கேட்கிறது.

முரளி சித்தப்பா: எல்லாருடைய சொத்து என்கிறாயே, எடுத்தால் நமக்குப் பங்கு எவ்வளவு?

கயல்: அதுதான் பெரிய இழுபறி. நிறுவனம் எவ்வளவு ராயல்டி கட்ட வேண்டும், அதை நாடுகளுக்கு எந்தக் கணக்கில் பிரிப்பது, இரண்டுமே முடிவாகவில்லை. பேசப்படும் விகிதம் மிகக் குறைவு என்று ஆப்பிரிக்க நாடுகள் சண்டை போடுகின்றன. அவர்கள் நிலத்திலேயே கோபால்ட் தோண்டுகிறவர்கள், கடலிலிருந்து வந்து குவிந்தால் அவர்கள் வருமானம் போய்விடும். வரைவு விதிகள் ஆணையத்தின் இணையதளத்திலேயே இருக்கின்றன. கட்டணப் பகுதியை மட்டும் அனுப்பட்டுமா?

முரளி சித்தப்பா: அனுப்பு. எழுத்து பெரிதாக இருந்தால் நல்லது.