நிலா வெளிச்சத்துல நிஞ்சா: எவ்வளவு நீலம் போட்டாலும் ராத்திரி ஆகவே மாட்டேங்குது!

அரைக்கோடு:
கிரிட்டாங்கிற வரையுற மென்பொருள்ல ஒரு படம். ஜப்பான் கோட்டைக் கூரை, ஓட்டு மேல ஒரு நிஞ்சா குத்தவச்சு உக்காந்திருக்கான், பின்னாடி முழு நிலா, கழுத்துல சிவப்புத் துணி பறக்குது. முதல்ல பகல் மாதிரி கலர் பண்ணிட்டு, மேல ஒரு நீல லேயரை மல்டிப்ளையில (கீழ இருக்கிற நிறத்தை இருட்டாக்கிற கலப்பு முறை) வச்சேன். வெயிலை நீலக் கண்ணாடித்தாள் வழியா பார்க்கிற மாதிரி இருக்கு. நீலத்தை ஏத்தினா ஆளே வானத்தோட கரைஞ்சு போறான், ஏன்னா உடுப்பும் கறுப்பு, வானமும் கறுப்பு. மூணு ராத்திரியா இதே வேலை. எங்க தப்பு?

பழைய தூரிகை:
தம்பி, நிலா அவன் முதுகுக்குப் பின்னாடி இருக்கு. ஆனா நீங்க பகல்ல போட்ட வெளிச்சம் மூஞ்சியிலயும் முழங்கால்லயும் முன்னாடியிருந்து விழுது. மல்டிப்ளை அதை மங்கலாக்கும், திசையை மாத்தாது. அந்த நிழலையெல்லாம் அழிச்சிட்டு ஒரே தட்டையான நிறத்துல இருந்து ஆரம்பிங்க.

அப்புறம் எல்லாத்துக்கும் மேல ஒரு லேயர்ல சாம்பல் நிரப்பி, பிளெண்டிங் மோடை (லேயர் கீழ உள்ளதோட கலக்கிற முறையை) 'கலர்'னு வைங்க. படம் கறுப்பு வெள்ளையா மாறும். அதுல நிஞ்சா தனியா தெரியலைன்னா எந்த நீலமும் காப்பாத்தாது. நிலாவைச் சுத்தி வானத்தை நடுத்தர சாம்பலுக்கு ஏத்துங்க. கூரை அதைவிட இருட்டு, ஆள் எல்லாத்தையும் விட இருட்டு. தலையை நிலா வட்டத்துக்குள்ள கொஞ்சம் நகர்த்தினாலே பாதி வேலை முடிஞ்சுது.

இருட்டுப்பூனை:
உடுப்புக்கு சுத்தக் கறுப்பு வேண்டாம், அடர் அவுரி நீலம் போடுங்க. முழுக்கறுப்பு நிஞ்சாவே கபுகிங்கிற ஜப்பான் நாடக மேடையில இருந்து வந்த வழக்கம்னு ஒரு பேச்சு உண்டு. அங்க மேடை உதவியாளுங்க கறுப்பு உடுத்தி நடமாடுவாங்க, பார்க்கிறவங்க அவங்களைக் கண்டுக்க மாட்டாங்க. அந்த உடுப்பையே நிஞ்சா வேஷத்துக்கும் மாட்டினாங்களாம்.

சிவப்புத் துணிதான் உங்க படத்தைப் பகலாக்குது. முழு நிலா வெளிச்சம் வெயிலைவிட சுமார் 4 லட்சம் மடங்கு மங்கல். அந்த இருட்டுல நம்ம கண்ணுக்கு சிவப்புதான் முதல்ல செத்துப் போகும். பொழுது சாயும்போது செம்பருத்தியைப் பாருங்க, பூ கறுத்துடும், இலை இன்னும் வெளிறித் தெரியும். இதுக்குப் புர்கின்யே விளைவுன்னு பேரு. வேடிக்கை என்னன்னா, நிலா வெளிச்சம் உண்மையில வெயிலைவிட லேசா செம்மைதான், நமக்குத்தான் நீலமாத் தோணுது. துணியைக் காய்ஞ்ச ரத்தம் மாதிரி அரக்கு நிறத்துக்கு இறக்குங்க.

பழைய தூரிகை:
இதுல எனக்கு ஒப்புதல் இல்ல. படம் என்ன பௌதிகப் பரீட்சையா? நிலாவைத் தொடுற நுனியில மட்டும் கொஞ்சம் சிவப்பு உயிரோட இருக்கட்டும்.

அரைக்கோடு:
தம்பி இல்லண்ணா, தங்கச்சி 😄 சாம்பல் லேயர் வச்சதும் வெக்கமாப் போச்சு, ஆளும் கூரையும் ஒரே கரி. இப்போ பிரிஞ்சு தெரியுது. ஆனா ஆளோட ஓரத்துல நிலா படுற விளிம்பு வெளிச்சம் சாக்பீஸ்ல சுத்தி வரைஞ்ச மாதிரி இருக்கு. கூரை ஓடுகளும் தார்ச்சாலை மாதிரி தட்டையா கிடக்கு.

பழைய தூரிகை:
மன்னிச்சுக்கோம்மா. விளிம்பை முழுசா சுத்தாதே. தோள்ல அழுத்தமா ஆரம்பிச்சு முழங்கைக்கு வரும்போது மெலிஞ்சு காணாமப் போகணும். வெள்ளையும் வேண்டாம், நிலாவுக்குப் பக்கத்து வானத்தோட நிறத்தையே ஒரு படி ஏத்தி எடு.

இருட்டுப்பூனை:
ஜப்பான் ஓட்டுல புகையூட்டி சுட்ட ஒரு வகை இருக்கு, வெள்ளிச் சாம்பல் நிறம், லேசாப் பளபளக்கும். ஒவ்வொரு ஓட்டு முதுகுலயும் பிறை மாதிரி ஒரு சின்னக் கீற்று வைங்க. நிலாவுக்கு நேர் கீழ இருக்கிற நாலஞ்சு வரிசைக்குப் போதும், ஓரத்துக்குப் போகப் போக விட்டுடுங்க. முழு நிலா அன்னிக்கு நட்சத்திரத்தையும் குறைச்சிடுங்க, வானம் ஜிகினாப் புடவை மாதிரி இருக்கு.

அரைக்கோடு:
ஓடு உயிர் வந்துடுச்சு! நட்சத்திரம் எட்டே எட்டு வச்சேன். துணி அரக்குதான், நுனியில ஒரு விரல்கடை மட்டும் சிவப்பு. ரெண்டு பேரும் சண்டை போட வேண்டாம்.