கழிவுநீர் விதி வரம்புக்குள் இருந்தும் கூலிங் டவரில் குளோரின் நிற்காதது ஏன்?

கேள்வி:
மூன்று மாதங்களாக எங்கள் கூலிங் டவருக்கு (ஆலையின் சூடான நீரைக் குளிர்விக்கும் கோபுரம்) நன்னீரை நிறுத்திவிட்டு, இரண்டாம் நிலைச் சுத்திகரிப்பு முடிந்த கழிவுநீரைக் கொடுத்து வருகிறோம். அனுமதி ஆணையில் குறித்துள்ள பி.ஓ.டி. (கரிமக் கழிவின் அளவு), மிதவைத் திடப்பொருள், மலக்கோலிஃபார்ம் (மலக் கலப்பைக் காட்டும் பாக்டீரியா), பி.எச். அனைத்தும் வரம்புக்குள்தான் உள்ளன. ஆனால் குளோரினை இரு மடங்காக்கிய பிறகும் டி.பி.டி. சோதனையில் (நீரில் குளோரின் இருந்தால் சிவக்கும் மாத்திரைச் சோதனை) தனிக் குளோரினைக் காட்டும் முதல் மாத்திரைக்கு நீர் நிறம் மாறுவதில்லை; பிற பொருளோடு சேர்ந்த குளோரினையும் காட்டும் மூன்றாம் எண் மாத்திரையைப் போட்டதும் நன்றாகச் சிவக்கிறது. ஃபில்லை (டவருக்குள் நீர் பரவி வழியும் அடுக்குகள்) தொட்டால் கை வழுக்குகிறது. கண்டன்சரின் (இந்த நீரால் ஆவியைக் குளிர்வித்துத் திரவமாக்கும் கருவி) பித்தளைக் குழாய் ஒன்றும் கசியத் தொடங்கிவிட்டது. எங்கே தவறுகிறோம்?

பதில் 1:
மூன்றாம் மாத்திரைக்கு மட்டும் சிவக்கிறது என்றால், நீங்கள் ஊற்றும் குளோரின் கழிவுநீரிலுள்ள அம்மோனியாவோடு சேர்ந்து, கிருமியைக் கொல்லும் வலு குறைந்த குளோரமினாகிவிடுகிறது என்று பொருள். ஒரு பங்கு அம்மோனியா நைட்ரஜனை (அம்மோனியாவிலுள்ள நைட்ரஜனின் எடை) போக்க ஏட்டுக்கணக்கிலேயே எடையில் 7.6 பங்கு குளோரின் வேண்டும். நடைமுறையில் அது 8 முதல் 10 வரை போகும். அந்த வழியில் போனால் குளோரைடு ஏறி அரிப்புதான் மிஞ்சும். பித்தளையில் வெடிப்பு விழுவதற்கும் அதே அம்மோனியாவைத்தான் முதலில் சந்தேகிப்பேன்.

விதியைக் குறை சொல்வதற்கில்லை. அது மக்கள் நலனுக்காக எழுதப்பட்டது, உங்கள் குழாய்க்காக அல்ல. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் 2012 வழிகாட்டுதல்கூட பி.ஓ.டி., மிதவைத் திடப்பொருள் இரண்டுக்கும் லிட்டருக்கு 30 மில்லிகிராம் என்று வரம்பு சொல்லிவிட்டு, படிவு, அரிப்பு, நுண்ணுயிர்ப் பெருக்கம் ஆகியவற்றுக்கான கூடுதல் சுத்திகரிப்பைப் பயன்படுத்துவோரிடமே விட்டுவிடுகிறது.

பதில் 2:
மேலே சொன்னது சரி. இன்னொன்றையும் பாருங்கள்: நீர் ஆவியாக ஆவியாக ஐந்து சுழற்சி ஓட்டினால் புளோடவுனில், அதாவது டவரிலிருந்து வெளியே விடும் நீரில், உப்பு ஏறத்தாழ ஐந்து மடங்காகும், உள்ளே வரும் நீருக்கு அனுமதி இருப்பதால் வெளியே போகும் நீருக்கும் இருக்கிறது என்று எண்ணிவிடாதீர்கள். பாஸ்பேட் இருந்தால் கால்சியத்தோடு சேர்ந்து குழாயில் கல்லாகப் படியும். டவரிலிருந்து பறக்கும் நீர்த்துளி ஆட்கள் மேல் படும் இடமானால் லெஜியோனெல்லா (துளிகள் வழியே நுரையீரலைத் தாக்கும் பாக்டீரியா) அச்சமும் உண்டு. கலிஃபோர்னியாவில் அத்தகைய இடங்களுக்குக் கிருமிநீக்கிய மூன்றாம் நிலை நீரும், துளித்தடுப்பானும், கிருமிக்கொல்லியும் கட்டாயம்.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. நீர் வழங்குநருடனான ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தேன். அதில் அம்மோனியாவுக்கென்று ஒரு வரிகூட இல்லை. அந்த வரம்பைச் சேர்க்கக் கோரி எழுதுகிறேன். அதுவரை நன்னீர் கலந்து, சுழற்சியைக் குறைத்து, குளோரின் சாராத கிருமிக்கொல்லியால் ஓட்டிப் பார்க்கிறோம்.