கவுன்சிலர்களுக்குப் பயிற்சி: தேவையா, கணக்குக் காட்டவா?

நூலாம்படை:
எங்கள் நகராட்சி கவுன்சிலர்களை மூன்று நாள் பயிற்சி என்று பஸ் வைத்துக் கூட்டிப்போனார்கள். காலையில் புரொஜெக்டர், மதியம் சாப்பாடு, கடைசியில் சான்றிதழோடு குரூப் போட்டோ. யார் காசு? நகராட்சிகளுக்கு அரசியலமைப்பில் இடம் கொடுத்த 74வது சட்டத்திருத்தம் 1993இல் நடைமுறைக்கு வந்தது. அதோடு வந்த 12வது அட்டவணையில் நகராட்சிகளுக்கு என்று 18 பணிகள் எழுதியிருக்கிறது. அதில் எத்தனை நம் மன்றங்களின் கையில் இருக்கிறது? சென்னையில் குடிநீரே தனி வாரியத்திடம். 2022 ஏப்ரலில் சொத்து வரியை 25 முதல் 150 சதவீதம் வரை ஏற்றியது அரசு. மன்றங்கள் அதற்குச் சரி என்று தீர்மானம் போட்டன. கை தூக்கப் பயிற்சி எதற்கு? அதிகாரத்தைக் கொடுங்கள், தானாகக் கற்றுக்கொள்வார்கள்.

பதினேழாம்_வார்டு:
அந்த மாதிரி ஒரு பஸ்ஸில் போய் வந்தவள் நான். ஊர் பெயர் வேண்டாம். தானாகக் கற்றுக்கொள் என்கிறீர்கள், யாரிடம்? 2016 அக்டோபரில் பழைய மன்றங்கள் முடிந்தன. 2022 பிப்ரவரி வரை தேர்தலே இல்லை, அரசு நியமித்த தனி அலுவலர்தான் எல்லாம். எங்கள் மன்றத்தில் அனுபவப்பட்டவர்கள் மூன்றே பேர்.

முதல் கூட்டத்துக்கு முந்தின நாள் இரவு ஏழரைக்கு அஜெண்டா வந்தது. 68 பொருள். ஒவ்வொன்றின் அடியிலும் ‘மன்றத்தின் பார்வைக்கும் முடிவுக்கும்’. பாதிக்கு மேல் ‘பின்னேற்பு’ என்று இருந்தது. வேலை ஏற்கெனவே முடிந்துவிட்டது, இப்போது நாம் சரி சொல்ல வேண்டும், அவ்வளவுதான் அர்த்தம் என்பது எனக்கு ஆறு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. கிளார்க் எண்ணை வாசிக்க வாசிக்க மேஜையைத் தட்டினோம். இருபது நிமிடத்தில் டீ வந்துவிட்டது. பயிற்சியில் அரசியலமைப்பு எல்லாம் சொன்னார்கள். பின்னேற்பைப் பற்றி ஒரு ஸ்லைடு இல்லை.

ஓய்வுபெற்ற_மேலாளர்:
31 வருடம் நகராட்சியில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். பின்னேற்பு எல்லாமே தப்பில்லை அம்மா. மழையில் குழாய் உடைந்தால் கூட்டம் கூடும் வரை ஊரைத் தண்ணீர் இல்லாமல் விட முடியுமா? கவுன்சிலரின் வேலை தெருவின் குறையைக் கொண்டுவருவது. ஒரு வேலைக்கு எவ்வளவு ஆகும் என்று மதிப்பீடு போடுவது பொறியாளர் வேலை. மூன்று நாள் வகுப்பில் உட்கார்ந்து வந்தவர் நான்காம் நாள் பொறியாளருக்கே பாடம் எடுப்பார். அரைகுறையாகத் தெரிவதை விடத் தெரியாததே மேல்.

திருச்சூர்_தமிழன்:
சார், இங்கே வந்து பாருங்கள். திருச்சூருக்குப் பக்கத்தில் முளங்குன்னத்துக்காவில் கிலா என்ற நிறுவனம் 1990இல் தொடங்கியது. உள்ளாட்சிப் பிரதிநிதிகளுக்குப் பயிற்சி கொடுப்பதுதான் அதன் முக்கிய வேலை. ஒருமுறை வகுப்பு எடுத்துவிட்டு அனுப்பிவிடுவதில்லை. திட்டம் போடுவது, கணக்கு என்று தனித்தனியாக நடக்கிறது.

நூலாம்படை:
கேரளா என்றதும் பாதிக் கதையைத்தான் சொல்வீர்கள். 1996இல் மக்கள் திட்ட இயக்கம் வந்தபோது மாநிலத் திட்ட நிதியில் 35–40 சதவீதத்தை உள்ளாட்சிகளுக்குக் கொடுக்க முடிவு செய்தார்களே, அதையும் சொல்லுங்கள். செலவு செய்யப் பணம் இருந்தது, அதனால் படித்தார்கள். நான் சொல்வதும் அதைத்தான். அப்புறம் இன்னொன்று. பாதி இடம் பெண்களுக்கு, நல்லது. ஆனால் பல ஊரில் வார்டைப் பார்ப்பது அவர்கள் கணவர்தான். பயிற்சியை யாருக்குக் கொடுப்பது?

பதினேழாம்_வார்டு:
அதற்கும் பயிற்சி இல்லாததுதான் காரணம் அண்ணா. தாளைப் படிக்கத் தெரியாவிட்டால் படித்துச் சொல்கிறவர் கையில்தான் வார்டு போகும். என் வீட்டுக்காரரும் முதல் வருடம் அப்படித்தான் பார்த்துக்கொண்டார்.

எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற உதவிப் பொறியாளர் ஒருவர் இருக்கிறார். நாலு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மதிப்பீடு வாசிக்கக் கற்றேன். போன மாதம் ஒரு வடிகால் வேலை அஜெண்டாவில் வந்தது, பொருள் எண் 41. நீளம் 94 மீட்டர் என்று இருந்தது. பையனை டேப்பின் மறுமுனையைப் பிடிக்கச் சொல்லி அளந்தேன். 81தான் வந்தது. கூட்டத்தில் கேட்டேன். யாரும் மேஜையைத் தட்டவில்லை, ஒத்திவைத்தார்கள். இதற்குப் புது அதிகாரம் எதுவும் தேவைப்படவில்லை.

நூலாம்படை:
அந்த ஒரு வடிகாலுக்குச் சரி. சொத்து வரிக்கு டேப் பிடிப்பீர்களா? இதிலேயே திருப்தியாகிவிட்டால் பெரிய கேள்வியை யாரும் கேட்க மாட்டார்கள். அதுதான் என் பயம்.

ஓய்வுபெற்ற_மேலாளர்:
அம்மா, 13 மீட்டர் வித்தியாசம் என்றதும் திருட்டு என்று முடிவு கட்டாதீர்கள். பழைய வடிகாலோடு சேர்க்கிற இடத்தையும் சேர்த்து எழுதியிருக்கலாம். வரைபடத்தைக் கேட்டு வாங்குங்கள். அப்படியே மதிப்பீட்டின் கடைசியில் லீட் கணக்கு என்று ஒரு தாள் இருக்கும், ஜல்லியும் மணலும் எங்கிருந்து, எத்தனை கிலோமீட்டர் என்று. குவாரி எட்டு கிலோமீட்டரில் இருக்கும், தாளில் முப்பது என்று போட்டு வண்டிக்கூலியைக் கூட்டியிருப்பார்கள். நீளத்தை விட அதை முதலில் பாருங்கள்.

பதினேழாம்_வார்டு:
சார், அரைகுறையே வேண்டாம் என்றீர்களே? சரி, அந்தத் தாளை எப்படி வாசிப்பது என்று இங்கேயே எழுதுங்கள். பொருள் 41 அடுத்த கூட்டத்துக்கு மறுபடி வருகிறது.