எலிங்டன் அட் நியூபோர்ட்: சாக்ஸபோன் ஏன் பக்கத்து அறையில் கேட்கிறது?

இசைக்கிறுக்கன்:
ஜாஸ் இசைக்குழுத் தலைவர் டியூக் எலிங்டனின் இந்த ஆல்பத்தைப் பலரும் புகழ்கிறார்களே என்று இந்த வாரம்தான் கேட்டேன். 'டிமினுவெண்டோ அண்ட் கிரெசெண்டோ இன் ப்ளூ' என்ற உருப்படி வந்ததும் ஒலியைக் கூட்டிவிட்டு உட்கார்ந்தால், பால் கொன்சால்வெஸின் டெனர் சாக்ஸபோன் எங்கோ தள்ளி நின்று வாசிப்பதுபோல் இருக்கிறது, கூட்டத்தின் கத்தல்தான் காதில் அறைகிறது. ஹெட்போன் போய்விட்டதோ என்று இன்னொன்றை மாட்டிப் பார்த்தேன், அதே கதை. அப்புறம் 'கம்ப்ளீட்' என்று போட்ட இன்னொரு பதிப்பு கிடைத்தது, அதில் சாக்ஸ் பளிச்சென்று முன்னால் நிற்கிறது. ஒரே கச்சேரிதானே, எப்படி இப்படி? எதைக் கேட்பது? அதோடு, நீண்ட சோலோ (தனி வாசிப்பு) எத்தனையோ இருக்க இதற்கு மட்டும் ஏன் இவ்வளவு பேச்சு?

பழையரெக்கார்டு:
உங்கள் ஹெட்போனைத் திட்டாதீர்கள். 1956 ஜூலை 7 இரவு நியூபோர்ட் ஜாஸ் விழா மேடையில் கொலம்பியா இசைத்தட்டு நிறுவனத்தின் மைக்கும் இருந்தது, வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா வானொலியின் மைக்கும் இருந்தது. கொன்சால்வெஸ் போய் நின்றது வானொலி மைக் முன்னால். கொலம்பியாவின் டேப்பில் அவர் தூரத்தில்தான் விழுந்தார், எல்பி இசைத்தட்டாக வந்தது அந்த டேப். பிற்பாடு வானொலியின் டேப் கிடைத்து, இரண்டு மோனோ பதிவுகளையும் நேரம் பிசகாமல் பொருத்தி, 1999-இல் தயாரிப்பாளர் ஃபில் ஷாப் ஸ்டீரியோவாக்கி வெளியிட்டார். நீங்கள் கேட்ட இரண்டாவது பதிப்பு அதுதான்.

இன்னொரு விஷயம் தெரிந்தால் கோபம்கூட வரலாம். பழைய எல்பியில் பெரும்பகுதி மேடையில் வாசித்ததே இல்லை. அந்த விழாவுக்கென்றே எலிங்டனும் பில்லி ஸ்ட்ரேஹார்னும் எழுதிய சூட் (பல பகுதிகள் கொண்ட இசைத்தொகுப்பு), மேடையில் அவ்வளவு சுத்தமாக வரவில்லை என்று பிறகு ஸ்டூடியோவில் மறுபடி வாசித்து, மேலே கைதட்டலை ஒட்டினார்கள். நல்லவேளை, கொன்சால்வெஸ் பகுதி அசல். 1999 பதிப்பில் ஸ்டூடியோ வாசிப்பும் இருக்கிறது, நீங்களே ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

நள்ளிரவுராகம்:
ஏன் பேசுகிறார்கள் என்பதற்கு நான் சொல்கிறேன். 1956-இல் பெரிய பேண்டுகளின் காலம் முடிந்துவிட்டது என்றே எல்லோரும் நினைத்தார்கள், எலிங்டனையும் அந்தக் கணக்கில்தான் வைத்திருந்தார்கள். அன்றைக்கு எலிங்டன் குழுவின் முறை வந்தபோது நள்ளிரவு நெருங்கிவிட்டது, பாதிப் பேர் வீட்டுக்குக் கிளம்பும் நேரம். எடுத்ததோ 1937-இல் எழுதிய பழைய உருப்படி. அந்தக் காலத்து இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம்தான் கொள்ளும் என்பதால் இரண்டு பக்கமாக உடைத்து எழுதியது. அந்த இரண்டு பாதிக்கும் நடுவில்தான் கொன்சால்வெஸ் 27 கோரஸ் வாசிக்கிறார். ஒரு கோரஸ் என்றால் ப்ளூஸின் ஒரு சுற்று, அதாவது 12 பார் (தாள ஆவர்த்தனம் மாதிரி), பெருக்கிக்கொள்ளுங்கள்.

கறுப்பு உடைப் பெண் ஒருவர் எழுந்து ஆட ஆரம்பிக்க, கூட்டமே எழுந்துவிட்டது. மேடை ஓரத்தில் ஜோ ஜோன்ஸ், அவரே பெரிய டிரம்மர், ஒரு செய்தித்தாளைச் சுருட்டிவைத்துத் தட்டித் தட்டி உசுப்பேற்றினாராம். எனக்கு அந்தச் செய்தித்தாள்தான் ரொம்பப் பிடிக்கும். அடுத்த மாதமே டைம் இதழின் அட்டையில் எலிங்டன்.

பேஸ்பிரியன்:
சாக்ஸைவிட எனக்குச் சாம் வுட்யார்டின் டிரம்ஸும் ஜிம்மி வுட்டின் பேஸும்தான் முக்கியம். சோலோ முழுக்க அவர்கள் இருவரும் இம்மியும் அசராமல் பிடித்துக்கொண்டு போவதால்தான் அது ஓடுகிறது. பியானோவில் எலிங்டன் அவ்வப்போது ஒன்றிரண்டு கார்டை (சேர்ந்தொலிக்கும் சுரங்களை) வாசித்துவிட்டுச் சும்மா இருந்துவிடுகிறார். கடைசியில் கேட் ஆண்டர்சனின் டிரம்பெட் கூரைமேல் ஏறுவதையும் விட்டுவிடாதீர்கள். பதிப்பு விஷயத்தில் மட்டும் நான் பழையரெக்கார்டோடு ஒத்துப்போகவில்லை. பழைய எல்பியில் நாமும் கூட்டத்துக்குள் பின்வரிசையில் மாட்டிக்கொண்ட மாதிரி இருக்கும். எலிங்டன் ஆல்பங்களிலேயே அதிகம் விற்றது அதுதான், அந்தத் தூரத்துச் சாக்ஸோடுதான் விற்றது.

இசைக்கிறுக்கன்:
எல்லோருக்கும் நன்றி. இப்போதுதான் 1999 பதிப்பை விரல்விட்டு எண்ணிக்கொண்டே கேட்டேன். பதினாறாவது கோரஸ் வரை சரியாகப் போனது, அதற்குமேல் கூட்டத்தோடு சேர்ந்து நானும் காலால் தட்ட ஆரம்பித்துக் கணக்கு தப்பிவிட்டது. மறுபடி முதலில் இருந்து போடுகிறேன், இந்தத் தடவை பேஸை மட்டும் கவனிக்கப் பார்க்கிறேன்.